பால் மறக்காத கிடா

எலிசாள் சித்தி எதிலும் ஒரு சொட்டை இடது மணிக்கட்டில் விட்டுச் சூடு பார்ப்பாள். கஞ்சி, காப்பி, கஷாயம், எதுவானாலும். என் தம்பியின் ஞானஸ்நானத்தன்று போதகரையே நிறுத்திவிட்டாள். "ஐயா, தண்ணி ஐசா இருக்கு. பிள்ளைக்கு ரட்சிப்புக்கு முந்தி ஜலதோஷம் வரும்."

சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் எங்களுக்கு அடுத்த வீடு அவளுடையது. திருநெல்வேலியிலிருந்து மந்தை ஓட்டி வருகிறவர்கள், தாய் செத்த செம்மறிக் குட்டிகளை அவள் வாசலில் விட்டுப் போவார்கள். டின் பால்மாவை வெந்நீரில் கரைத்து, மருந்துக் குப்பியில் ஊற்றி, சைக்கிள் டியூப் துண்டைச் செருகிப் புகட்டுவாள். வளர்ந்ததும் விற்றுவிடுவாள். கண்ணீரெல்லாம் கிடையாது.

1937இல் ஒரு குட்டிக்குக் கழிச்சல் கண்டு தலை தொங்கிவிட்டது. சபை முழுக்கக் கேட்க நேர்ந்துகொண்டாள்: "இது பிழைச்சா, பால் மறந்ததும் கர்த்தருக்கு." கோயிலில் அறுப்பின் பண்டிகை விருந்துக்குக் கறியாகக் கொடுப்பாள் என்று அர்த்தம். கர்த்தர் பிழைக்க வைத்தார். அதற்குள் சித்தி அதற்கு, ஓடிப்போன புருஷன் பெயரை வைத்துவிட்டாள். "தங்கையா! இவனாவது கூப்பிட்டா வாறானே."

தங்கையன் இரண்டே மாதத்தில் பிலாவிலை, தவிடு, அவித்த கொள்ளு எல்லாம் தின்றான். ஆனாலும் சாயங்காலம் ஒரு குப்பி பால் நிற்கவில்லை.

மூன்றாம் வருடப் பண்டிகைக்கு முன் போதகர் சுவாமிதாஸ் வந்தார். "எலிசாள், கிடா எப்போ?"

"பால் மறக்கல்லையே ஐயா." குப்பியை நீட்டினாள். கொம்பு சுருண்ட கிடா முன்னங்கால் மடக்கி உறிஞ்சியது.

நான் அப்போது புதிய பி.ஏ.; எங்கள் குடும்பத்தில் முதல் ஆள். சும்மா இருக்க முடியவில்லை; ஆடு வளர்ப்புப் புத்தகம் ஒன்றை விரித்துக் காட்டினேன். "அறுபது நாளிலே பாலை நிறுத்தலாம்னு சர்க்கார் புஸ்தகத்திலே போட்டிருக்கு சித்தி."

"உனக்கு இருபத்திரண்டு வயசாச்சே மக்கா. அம்மைக்க சோறு எப்பம் நிறுத்தப் போற?"

போதகர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். நான் புத்தகத்தை மடித்தேன். அன்றைக்கே வேலைக்கு ஒரு விண்ணப்பம் எழுதினேன்.

யுத்தத்தில் பால்மாவு அரிதானபோது, சித்தி கடுங்காப்பி குடித்துக்கொண்டு கிடாவுக்கு மட்டும் கரைத்தாள். 1942இல் காய்ச்சலில் போய்விட்டாள். அடக்கம் முடிந்து போதகர் என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "இனி பால் மறந்திரும், இல்லியா?"

தங்கையன் காலை மடக்கிக் காத்திருந்தான். டின்னில் இரண்டு கரண்டி மாவு மிச்சம். நான் வெந்நீர் வைக்கப் போனேன்.

அந்த வருடப் பண்டிகை விருந்திலும் பருப்புக் குழம்புதான்.