மூன்றாவது பாட்டின் உறுமல்

சரோஜினி நகர் மார்க்கெட்டுக்குப் பின்னால், ஸ்வெட்டர் விற்கிறவர்களின் கூவல் சற்றே அடங்குகிற இடத்தில் ஒரு டீக்கடை இருந்தது. 1986 ஜனவரியில் பனிமூட்டம் அந்தக் கடையை அப்படியே விழுங்கிவிட்டு, டீ கிளாஸ்களின் ஆவியை மட்டும் போனால் போகிறதென்று வெளியே விட்டு வைத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அங்கே மூன்று பேர் உட்கார்ந்து வாயாலேயே கிதார் வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

"தூம்... தூம் தூம்... தூஊஊம்..." என்று எடுத்துக் கொடுப்பவள் வடிவு.

"அப்படி இல்லே வடிவு. நடுவிலே ஒரு இழுப்பு இருக்கு. அதை நீ ஒவ்வொரு வாரமும் முழுங்கிடறே," என்பான் பட்டாபி.

"இழுப்பு கெடக்கட்டும்ப்பா. வவுத்துக்குள்ளார வந்து எறங்கோணும். அதுதான அந்தச் சத்தம்," என்பான் இராஜமாணிக்கம்.

மூவரும் கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் ஒரே வரிசையில் வளர்ந்தவர்கள். ஒரே பள்ளிக்கூடம், ஒரே பஸ், ஒரே ஹிந்தி. தமிழ் மட்டும் வீட்டுக்கு வீடு வேறு. வடிவு வீட்டில் திருநெல்வேலி, பட்டாபி வீட்டில் கும்பகோணம், இராஜமாணிக்கம் வீட்டில் ஈரோடு. இப்போது மூவருக்கும் அரசாங்க உத்தியோகம். வடிவு லோதி ரோட்டில் ஒரு அலுவலகத்தில் டைப்பிஸ்ட். அவள் அடிக்கிற வேகத்தில் தாள் சூடேறிவிடும், குளிர்காலத்தில் பக்கத்து மேஜைக்காரர் அதில்தான் கை காய்ச்சிக்கொள்கிறார் என்று அலுவலகத்தில் ஒரு பேச்சு உண்டு. அவள் மறுத்ததில்லை.

அவர்கள் வாயால் வாசித்தது 'வெட் மேட்ச்சஸ்' என்ற லண்டன் கோஷ்டியின் பாட்டு. நனைந்த தீக்குச்சிகள். அங்கே பையன்கள் தலைமுடியை முள்ளம்பன்றி மாதிரி நிறுத்திக்கொண்டு, கிழிந்த சட்டையில் ஊக்குகளைக் குத்திக்கொண்டு, ஊரையும் உலகத்தையும் திட்டிப் பாடிய காலம் அது. பங்க் என்று அதற்குப் பெயர். 1979-இல் பட்டாபியின் அத்தை பிள்ளை லண்டனிலிருந்து வந்தவன், அவர்கள் பாட்டைப் பதிந்த கேசட் ஒன்றை மறந்து வைத்துவிட்டுப் போனான். அட்டை இல்லை, படம் இல்லை. மேலே பேனாவால் பெயர் மட்டும்.

அந்தக் கோடை முழுவதும் மத்தியானங்களில் மூவரும் அதை வடிவு வீட்டில் ரேடியோவும் கேசட்டும் சேர்ந்த டூ-இன்-ஒன்னில் போட்டுத் தேய்த்தார்கள். வார்த்தை ஒன்றும் புரியவில்லை. அவர்களைக் கட்டிப்போட்டது அடியில் ஓடிய பேஸ் கிதார். நான்கே தடித்த கம்பிகளை வைத்துக்கொண்டு அடித்தொண்டையில் பேசுகிற கிதார் அது. அதிலும் மூன்றாவது பாட்டில் அது பேசவில்லை, உறுமியது. தரைக்கடியில் ஏதோ புரண்டு படுத்து, உள்ளங்கால் வழியாக ஏறி, வயிற்றில் சுருண்டு, நெஞ்சில் வந்து நின்றது. ஜன்னல் கம்பியில் உட்கார்ந்திருந்த புறாக்கள் அதைக் கேட்டுக் கண் சொக்கி ஒன்றன்பின் ஒன்றாகப் பொத்துப் பொத்தென்று விழுந்ததாக வடிவு பிற்காலத்தில் சொன்னாள். முதலில் இரண்டு புறா என்றாள். 1986-க்குள் அது ஒன்பதாகியிருந்தது.

அதை வாசிக்கிற ஆளை அவரவர் தமக்குப் பிடித்தபடி கற்பனை செய்து வைத்திருந்தார்கள். பட்டாபிக்கு அவர் ஆறரை அடி உயரம், மண்வெட்டி மாதிரி கை. இராஜமாணிக்கத்துக்கு ஒற்றைக் கண், முன்னாள் கப்பல்காரர். வடிவு தன் கற்பனையை யாரிடமும் சொன்னதில்லை. அவளுக்கு அது ஒரு பெண்.

சொல்லாததற்குக் காரணம் இருந்தது. அந்த ஜூன் மாதம் அம்பாசமுத்திரத்திலிருந்து வடிவைப் பெண் பார்க்க வந்தார்கள். வயது பத்தொன்பது. மாப்பிள்ளைக்கு உரக்கடை. முன்னறையில் பெரியவர்கள் தேதி வரைக்கும் போய்விட்டார்கள். உள்ளறையில் சேலைக் கொசுவத்தைப் பிடித்தபடி நின்ற வடிவு, வளையல் குலுங்குவது வெளியே கேட்டுவிடக்கூடாதென்று கேசட்டைத் தட்டிவிட்டாள். மூன்றாவது பாட்டு வந்தது. உறுமல் ஏறிற்று. கால்கள் தாமாக நடந்தன. முன்னறைக்கு வந்து, தட்டில் லட்டு வைத்துக்கொண்டிருந்த அத்தனை பேர் முன்னாலும், "எனக்குக் கல்யாணம் வேண்டாம். கிளார்க் பரீட்சைக்கு ஹால் டிக்கெட் வந்திருக்கு," என்றாள். அவள் வாயிலிருந்து வந்தது அவள் குரலே இல்லை. யாரோ அடித்தொண்டையில் பேசினார்கள்.

அன்றிலிருந்து யார் கேட்டாலும் அவளிடம் ஒரே பதில்தான்: தைரியம் தந்தது அந்தச் சத்தம். அவள் அம்மா தாயம்மாளிடமும் ஒரே பதில்தான். "சத்தமாம் சத்தம்! ஒரு கேசட்டைக் கேட்டு உரக்கடையை விட்டவ இந்த டில்லியிலேயே நீ ஒருத்தி தாம்ட்டி."

இந்த நிலையில்தான் ஜனவரி இரண்டாவது ஞாயிறு பட்டாபி டீக்கடைக்கு ஒரு பையோடு வந்தான். உள்ளே ஒரு இசைத்தட்டு. அத்தை பிள்ளை மறுபடி வந்திருந்தான்.

"அசல்! கேசட்டுலேருந்து கேசட்டுக்குப் போன காப்பி இல்லே. அவா ஸ்டூடியோவிலே பதிஞ்ச அசல்."

"என்ற மச்சான் மஸ்கட்ல இருந்து அனுப்புன ஸ்டீரியோ இருக்குதில்ல?" என்று இராஜமாணிக்கம் எழுந்தேவிட்டான். "ஸ்பீக்கர் ஒவ்வொண்ணும் அலமாரியாட்டம். ஜல்தி வாங்க வடிவு, டீயப் பொறவு குடிச்சுக்கலாம்."

நடக்கும்போது வடிவு அட்டையைப் பனியில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். மூன்று பையன்கள். கடைசியில் பேஸ் கிதாரோடு நின்றவன் பருவும் பொருக்குமாக, மெலிந்து, கொட்டாவி விடுகிற சமயத்தில் படத்தில் மாட்டியிருந்தான். பரவாயில்லை, சத்தம் இருக்கிறதே என்று அவள் தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

இராஜமாணிக்கத்தின் குவார்ட்டர்ஸில் மூவரும் செருப்பைக் கழற்றி, ஏதோ சன்னிதியில் நிற்கிற மாதிரி நின்றார்கள். முள் இறங்கியது. முதல் பாட்டு. இரண்டாவது. மூன்றாவதும் வந்தது. கிதார் கீச்சிட்டது, மேளம் விழுந்தது, பாடுகிறவன் திட்டினான். அடியில் யாரோ ரப்பர் வளையத்தை இழுத்து விட்டுக்கொண்டிருந்தார்கள். டுப். டுப். டுப். அவ்வளவுதான்.

"முள்ளுலே தூசியா இருக்கும்," என்றான் பட்டாபி.

துடைத்தார்கள். டுப். டுப்.

"பேஸ் குமிழத் திருகு."

கடைசிவரை திருகினார்கள். ரப்பர் வளையம் கொஞ்சம் தடித்தது.

"ஏப்பா, வேற கோஷ்டியோட தட்டை வாங்கியாந்துட்டானா உன்ற அத்தை பையன்?"

"அதே பாட்டுதாண்டா. அதே திட்டுதானே திட்டறான்."

இருவரும் ஒருவரையொருவர் குற்றம் சொல்லிக்கொண்டிருக்க, வடிவு செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். பனிக்குள் நடந்து போகிறவர்கள் முழங்காலுக்குக் கீழே இல்லாமல் மிதந்து போனார்கள். அவளும் மிதந்தாள். அந்தச் சத்தம் அந்தப் பாட்டில் இல்லை. அப்படியானால் அன்றைக்கு அவளைப் பிடித்து முன்னறைக்குத் தள்ளியது எது? ஒன்றுமில்லாததைக் கேட்டு ஒரு வாழ்க்கையை வேண்டாமென்று சொல்லி, ஒன்றுமில்லாததன்மேல் ஏழு வருஷமாக இன்னொரு வாழ்க்கையைக் கட்டியிருக்கிறாளா?

வீட்டுக்கு வந்து பழைய கேசட்டைத் தேடி எடுத்து, அதே டூ-இன்-ஒன்னை மேஜைமேல் வைத்துப் போட்டாள். டுப். டுப். டுப்.

"என்னட்டி, பேயறைஞ்ச மாதிரி இருக்க?" என்றாள் தாயம்மாள், கீரை ஆய்ந்தபடி.

"அம்மா, அந்தச் சத்தம் இதுல இல்ல."

"எது, உனக்குக் கல்யாணம் வேண்டாம்னு சொன்ன சத்தமா?" தாயம்மாள் நிமிரவே இல்லை. "அன்னைக்கும் இல்லட்டி. நாந்தான் அப்பவே சொன்னேனே."

நான்கு நாள் வடிவு சாப்பிட்டது பாதி, தூங்கியது கால். அவள் அடித்த கடிதங்களில் பிழை விழுந்தது. பக்கத்து மேஜைக்காரர் கையுறை வாங்கிக்கொண்டார். ஐந்தாவது நாள் அலுவலகத்தில் பழைய மர மேஜைகளை எடுத்துக்கொண்டு போய், இரும்பு மேஜைகளைப் போட்டார்கள். வடிவு தன் டைப்ரைட்டரைத் தூக்கிப் புது மேஜையில் வைத்து, தேதி அடிக்க ஆரம்பித்தாள். முதல் எழுத்திலேயே கை நின்றது.

அதே இயந்திரம். அதே விரல். ஆனால் சத்தம் வேறு. கடகடவென்று மேலே போக வேண்டியது, காலி இழுப்பறைக்குள் இறங்கித் திமுதிமுவென்று கேட்டது. முழங்காலில் அதிர்ந்தது. வடிவு இழுப்பறையைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு எழுத்து அடித்தாள், மூடி வைத்துக்கொண்டு ஒரு எழுத்து அடித்தாள். சூப்பரின்டெண்டெண்ட் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

அந்தக் கோடையில் டூ-இன்-ஒன் எங்கே இருந்தது? மேஜைமேல் இல்லை. மேஜையில் அவளுடைய பரீட்சைப் புத்தகங்கள். மேஜையை விட்டால் ஒயர் எட்டுகிற இடம் ஒன்றே ஒன்றுதான். ஜன்னலில் பொருத்தியிருந்த கூலரின் தலை.

டில்லியில் கூலரைத் தெரியாதவர்கள் இல்லை. ஆள் உயரத் தகரப் பெட்டி, மூன்று பக்கமும் வெட்டிவேர்த் தட்டி, அடியில் தண்ணீர்த் தொட்டி, நடுவில் விமானத்திலிருந்து கழற்றி வந்ததோ என்று நினைக்கவைக்கிற விசிறி. ஏப்ரலில் ஓட ஆரம்பித்தால் மழை வரும்வரை ஓய்வதில்லை. குளிர்காலத்தில் அதன்மேல் சாக்கைப் போர்த்திக் கட்டிவிடுவார்கள். அந்தச் சாக்கை மார்ச்சுக்கு முன்னால் அவிழ்த்தவர் கிட்வாய் நகர் சரித்திரத்தில் ஒருவரும் கிடையாது.

ஞாயிறு காலை வடிவு அவிழ்த்தாள்.

பட்டாபி குரங்குக் குல்லாயோடு வந்தான், இராஜமாணிக்கம் ராணுவக் கம்பளியோடு வந்தான். மூவரும் கொட்டுகிற பனியில் வாளி வாளியாகத் தண்ணீர் மொண்டு கூலரை நிரப்பினார்கள். எதிர்வரிசை மாடிகளில் தலைகள் முளைத்தன. "பையா, கர்மி லக் ரஹீ ஹை க்யா?" புழுக்கமா இருக்கா தம்பி என்று ஒரு பஞ்சாபி மாமி ஹிந்தியில் கூவிக் கேட்டாள். அந்தத் தெருவுக்கே சிரிப்பு.

"ஏட்டி! தை மாசத்துல கூலரா?" தாயம்மாள் போர்வையோடு ஓடி வந்தாள். "மூணு பேருக்கும் ஒண்ணாவாட்டி புத்தி கெட்டுப் போச்சு? ஜன்னி வந்து சாகப் போறிய!"

"அஞ்சு நிமிஷம்மா. நான் அன்னைக்குக் கேட்டது உண்மையா இல்லையான்னு எனக்குத் தெரியணும். இல்லைன்னா நீ சொன்னதுதான் சரின்னு நானே ஒத்துக்கிடுதேன். அம்பாசமுத்திரத்துக்கே வந்து சொல்லுதேன்."

தாயம்மாள் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஒதுங்கி நின்றாள். அப்படியொரு பேச்சை மகள் அதுவரை பேசியதில்லை.

வடிவு டூ-இன்-ஒன்னைக் கூலரின் தலையில் வைத்து, மூன்றாவது பாட்டுக்குக் கேசட்டை ஓட்டினாள். பாட்டு கீச்சிட்டது. டுப். டுப். பட்டாபி கண்களை மூடிக்கொண்டான். வடிவு கூலரின் சுவிட்சைத் தட்டினாள்.

விசிறி ஒரு முறை இருமியது. குளித்து முடித்த யானை மாதிரி ஒரு தும்மல் போட்டது. அறைக்குள் ஐஸ் காற்று வீசி, காலண்டர் பறந்து, நனைந்த வெட்டிவேரின் வாசம் எழுந்தது. ஒரு கணம் அது ஜனவரி இல்லை. பிறகு தொட்டித் தண்ணீர் அதிர்ந்தது, தகரம் அதிர்ந்தது, தலைமேல் குதிக்கிற பாட்டின் அடிகளை மோட்டார் ஒவ்வொன்றாக வாங்கித் தன் வயிற்றில் போட்டுக்கொண்டது. தரைக்கடியில் ஏதோ புரண்டு படுத்தது. உள்ளங்கால். வயிறு. நெஞ்சு.

தூம். தூம் தூம். தூஊஊம்.

"இழுப்பு!" என்று பட்டாபி கத்தினான். "கேட்டியா, நடுவிலே அந்த இழுப்பு!"

"வவுத்துல எறங்குதுப்பா," என்றான் இராஜமாணிக்கம். பல் கிடுகிடுக்க, கண்ணில் தண்ணீர். குளிரால்தான் என்று பிறகு சாதித்தான்.

வடிவு தகரத்தில் கன்னத்தை வைத்தாள். அது அவளை முன்பின் தெரிந்த ஆள் மாதிரி உலுக்கியது. லண்டன் பையன் கொட்டாவி விட்டுக்கொண்டே இருக்கட்டும். சத்தம் இருந்திருக்கிறது. அவளுடைய வீட்டு ஜன்னலிலேயே இருந்திருக்கிறது.

"இதா?" என்றாள் தாயம்மாள்.

"இதேதாம்மா."

"இந்தச் சத்தமாட்டி?" தாயம்மாள் முகத்தில் கோபம் எங்கேயோ போய்விட்டிருந்தது. "இது நம்ம கூலர்லா? பதினாலு வருஷமா இதைக் கேட்டாத்தானே எனக்கு மத்தியானம் கண்ணே அசருது. இது நின்னு போற மாசமெல்லாம் நான் பொட்டுத் தூக்கம் இல்லாமக் கெடக்கேன். உங்க அப்பாட்ட சொன்னா சிரிப்பாரேன்னு சொல்லல."

"அப்ப உனக்கும் கேட்டிருக்கு."

"கேக்காம? எனக்குத் தூக்கம் வந்துது. உனக்குப் பேச்சு வந்திருக்கு." தாயம்மாள் கூலருக்கு எதிரே கட்டிலில் ஏறிக் கால் மடக்கி உட்கார்ந்து, போர்வையைத் தலையோடு இழுத்துக்கொண்டாள். "அந்தக் கத்துதானே மேல ஒருத்தன், அவனை மட்டும் கொஞ்சம் நிறுத்து."

வடிவு கேசட்டை நிறுத்தினாள். லண்டன் போயிற்று. உறுமல் மட்டும் அறையை நிறைத்துக்கொண்டு நின்றது. பட்டாபி தரையில் உட்கார்ந்தான். இராஜமாணிக்கம் தன் கம்பளியில் பாதியை அவன்மேல் போட்டான். சற்று நேரத்தில் தாயம்மாள் குறட்டைவிட ஆரம்பித்தாள். அதுவும் சரியான இடத்தில் விழுந்தது.