ஆட்டம் அவங்களுக்கு, ஏணி எனக்கு

கேபிள் டிவி நடத்துதவனுக்கு எந்த ஆட்டத்துல யாரு ஜெயிச்சாங்கன்னு தெரியாது. படம் எப்பப் போச்சுன்னு மட்டும்தான் தெரியும். சிலிண்டர் போடுதவங்க, தண்ணி திறந்துவிடுதவங்க, கரண்டு கம்பத்துல ஏறுதவங்க யாராவது இதைப் படிச்சா உங்களுக்கு நான் வெளக்கவே வேண்டாம். ஏதாவது ஒண்ணு நின்னு போனாத்தான் நாம இருக்கிறதே ஜனங்களுக்கு ஞாபகம் வரும்.

மில்லர்புரத்துப் பக்கம் நாலு தெருவுல என் ஒயர்தான் ஓடுது. ஆனா வீடு வீடா போன்லயும் நெட்டுலயும் பாக்க ஆரம்பிச்சு, என்னை விட்டுக் கழண்டுக்கிட்டு இருந்தாங்க. லைனை நெட் கம்பெனிக்காரன்கிட்டக் குடுத்துட்டு நிம்மதியா இருக்கச் சொல்லி மச்சான் நச்சரிச்சான். என் வீட்டுக்காரிதான், இந்த வருஷத்து ஆட்டமெல்லாம் முடியட்டும், ஆள் நின்னா லைனும் நிக்கட்டும், இல்லேன்னா குடுத்துரலாம்னு சொன்னா. கல்யாணத்துக்கு முந்தியே கட்டுன லைன்யா அது. குடுக்க மனசே வரல. அதனால அந்த வருஷம் கிரிக்கெட்டு, செஸ்ஸு, ஹாக்கி எது வந்தாலும் என் பொழப்பு அதுலதான் தொங்குச்சு.

தூண் மேல உக்காந்தவன்

ஹார்பர்லேருந்து, கரண்டு எடுக்கிற காத்தாடித் தூணை ஏத்திக்கிட்டு பெரிய டிரெய்லர் வரும். தூணுக்கு மேல ஒரு ஆளு கம்போட உக்காந்து, ரோட்டுக்குக் குறுக்க கெடக்கிற ஒயரை ஒவ்வொண்ணாத் தூக்கிவிட்டுக்கிட்டே வருவான். ஞாயித்துக்கிழமை சாயங்காலம், கிரிக்கெட்டுல கடைசி ஓவர். டப்புனு என் நாலு தெருவுல ரெண்டுக்குப் படம் போயிட்டு. போன் அடிச்ச அடியில என் சட்டைப் பையே சூடாயிட்டு.

ஏணியைத் தூக்கிட்டு ஓடினா, டிரெய்லர் நிக்கி, என் ஒயரு அறுந்து ரோட்டுல கெடக்கு. மேல இருந்தவன் ஒரு கையில கம்பு, இன்னொரு கையில போனு. ஆட்டம் பாத்துக்கிட்டே வந்திருக்கான், ஒயரைத் தூக்க மறந்துட்டான். கண்ணு இல்லையாடேன்னு சத்தம் போட்டேன். அவன் கொஞ்சம்கூடக் கோவப்படல.

"கடைசிப் பந்து அண்ணாச்சி. நீங்களா இருந்தா ஒயரைப் பாப்பியளா, பந்தைப் பாப்பியளா?"

மாடி வீட்டு மனு

ஹார்பர்ல வேலை பாத்து ரிட்டயர் ஆன ஒருத்தர். கேபிள் எதுக்கு, இனிமே எல்லாம் போன்லதான்னு கனெக்‌ஷனை வெட்டிட்டாரு. கீழ் வீட்டுல இன்னும் என் ஒயர்தான். போன்ல படம் கொஞ்சம் பிந்தித்தான் வரும், கேபிள்ல முந்தி வந்துரும். இதெல்லாம் எனக்கும் அன்னைக்குத்தான் தெரியும்.

வழியில மறிச்சுப் பிடிச்சுக்கிட்டாரு. நான் என்னவோ அவருக்குத் துரோகம் பண்ணிட்ட மாதிரி மூஞ்சியை வச்சிருந்தாரு. திரும்பி வாரேன்னு சொல்லப் போறாருன்னு நான் பாவி நெனச்சேன்.

"ஒம்ம படத்தைக் கொஞ்சம் பையப் போகச் சொல்லும். இங்கன பந்தே போடல, அதுக்குள்ள கீழ் வீட்டுக்காரன் அவுட்டுன்னு கத்துதான்."

நின்னு போன படம்

பலசரக்குக் கடை அண்ணாச்சி போன் பண்ணினாரு. செஸ்ல நம்ம தமிழ்நாட்டுப் பையன் ஆடுதானாம், படம் அப்படியே நின்னு போச்சாம். உச்சி வெயில். மொட்டை மாடியில ஏறிப் பாத்தேன். நம்ம ஊரு உப்புக்காத்துக்கு எந்தக் கனெக்டரும் ஒரு வருஷம் தாங்காது, பச்சை பூத்துப் போயிரும். அதை வெட்டிட்டுப் புதுசு மாட்டினேன். எறங்கி வந்தா படம் நின்ன எடத்துலதான் நிக்கி. பாக்ஸை மாத்தினேன். அப்பயும் அதே ரெண்டு பேரு, கன்னத்துல கையை வச்சுக்கிட்டு.

அப்புறம்தான் மூலையில கடிகாரம் ஓடுததைப் பாத்தேன். படம் நல்லாத்தான் ஓடியிருக்கு. அண்ணாச்சி மோரு குடுத்தாரு, அதுவரைக்கும் நல்ல மனுஷன்தான்.

"அப்போ நான் ஒன்னயக் கூப்பிட்டதுலேருந்து ரெண்டு பேரும் யோசிக்கத்தான் செய்தாங்களா? நீ சும்மாவாடே மாடியில ஏறின?"

அன்னைக்கு ஒரு நாள்

பொம்பளைப் பிள்ளைங்க கிரிக்கெட்டுல பைனல். ஒரு வீட்டுல புருஷன் போன் பண்ணி, நியூஸ் பாக்கணும், வீட்ல ரிமோட்டைக் குடுக்க மாட்டேங்கா, அந்த ஆட்டச் சேனலை அங்கேருந்தே கொஞ்சம் நிறுத்தி விடுங்கன்னு கெஞ்சுதாரு. முடியாதுன்னு நான் சொல்லதுக்குள்ள போனு கை மாறிட்டு.

"வருஷம் பூரா அவிய ஆட்டத்தை நான் பாத்தேம்லா அண்ணாச்சி, இன்னைக்கு ஒரு நாள் அவிய டீக்கடையில போயி இருக்கட்டும்."

மரியசெல்வி வீட்டுப் பைனல்

மரியசெல்வி இறால் கம்பெனியில உரிக்கிற வேலைக்குப் போற பொம்பளை. மக ஜெனிட்டா ஹாக்கியில கோல்கீப்பர், தமிழ்நாட்டு டீம். வட நாட்டுல பைனல். அந்தச் சேனல் அவ கட்டுத பேக்கேஜ்ல கெடையாது, நானே போட்டுக் குடுத்தேன். தெருவே அந்த வீட்டுக்குள்ளதான் இருந்தது. போன்ல பாக்கதவங்க, என்னை வெட்டிட்டுப் போனவங்க எல்லாம் அங்கதான். இதை மட்டும் ஒழுங்காக் காட்டிட்டா இவங்கள்ல நாலு பேராவது திரும்பி வருவாங்கன்னு எனக்கு ஒரு ஆசை.

கார்த்திகை மாசத்து மழை. ஆட்டம் முடியப் போற நேரத்துல படம் கட்டம் கட்டமா ஒடையுது. ஏணியைச் சாத்தி ஏறினேன். வாசக் கம்பத்துல கனெக்டருக்குள்ள தண்ணி. புதுசு மாட்டினாலும் நிக்க மாட்டேங்கு, கையால அழுத்திப் பிடிச்சா மட்டும் படம் வருது. சரி, பிடிச்சுக்கிட்டே நின்னேன். உள்ள நடக்கது ஒண்ணும் தெரியல. கத்துதாங்க, அடங்குதாங்க. ரெண்டு டீமும் சமம், இனிமே பெனால்டின்னு யாரோ சன்னல் வழியாச் சொன்னாங்க. கை மரத்துப் போச்சு. விட்டா அந்தத் தாயி மகளைப் பாக்க முடியாது. அப்போ லைனு, மச்சான் எல்லாம் எனக்கு மறந்து போச்சு. மாதாவே, படம் போயிரக் கூடாதுன்னு அந்த வீட்டுச் சாமியை நானும் கூப்பிட்டேன்.

திடீர்னு வீடே அதிர்ந்துச்சு. கடைசிப் பந்தைக் காலால தடுத்துட்டாளாம் ஜெனிட்டா. மரியசெல்வி மழையிலயே ஓடி வந்து, எறங்கின என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதா. எனக்கும் அழுகை வந்துட்டு. லைனை யாருக்கும் குடுக்க மாட்டேன்னு அந்த நிமிஷமே முடிவு பண்ணிட்டேன்.

மறு மாசம் வசூலுக்குப் போனேன். ஜெனிட்டாவுக்கு விளையாட்டுக் கோட்டாவுல வேலை கெடச்சிருந்தது. நாற்காலி போட்டு, கேக்கு குடுத்து, மரியசெல்வி சந்தோஷமாச் சொன்னா:

"அண்ணே, மக நெட்டு டிவி போட்டுட்டா. பாவம், அந்த அண்ணன் இனிமே நமக்காக மழையில நிக்க வேண்டாம்மான்னு சொல்லிட்டா."

லைன் இன்னும் என் கையிலதான் இருக்கு: என்னைத் திட்டுத வீடெல்லாம் அப்படியே இருக்கு, என்மேல எரக்கப்பட்ட அந்த ஒரு வீடுதான் போயிட்டு.