நாற்பது வாட்

திருநின்றவூர் கோயில் திருவிழாக் கச்சேரி முடிந்த மறுநாள் மதியம், மேனாம்பேட்டு வீட்டில் சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு சிம்ரன் போனை எடுத்தாள். முந்தின நாள் கச்சேரியை யாரோ வீடியோ எடுத்து ஏற்றியிருந்தார்கள். மூன்றாவது பாட்டின் நடுவில் அவளுடைய கிட்டார் தனியாக வரும் இடம் ஒன்று உண்டு. பதினைந்து விநாடிகூட இருக்காது. அதற்காக இரண்டு வாரம், வேலை விட்டு வந்து விரல் எரிய எரிய வாசித்துப் பழகியிருந்தாள். வீடியோவில் அந்த இடம் வந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு வாசிப்பது தெரிந்தது. விரல்கள் ஓடுவது தெரிந்தது. சத்தம் மட்டும் வரவில்லை. கீபோர்டும் டிரம் பேடும் தம் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன.

இயர்போனை மாட்டிக்கொண்டு மறுபடி கேட்டாள். இல்லை. பட்டாபிராம் கச்சேரி, பூந்தமல்லிக் கல்யாணம், போன வருஷம் ஆவடியில் வாசித்தது என்று கிடைத்த பழைய வீடியோக்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள். எல்லாவற்றிலும் அவள் நின்றாள், சிரித்தாள், தலையை ஆட்டி வாசித்தாள். ஒன்றிலும் கிட்டார் இல்லை. மேடையில் அவள் காலடியில் வைத்த சின்ன ஸ்பீக்கரில் அவளுடைய சத்தம் அவளுக்கு மட்டும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. அதைக் கேட்டுவிட்டு, கூட்டத்துக்கும் கேட்கிறது என்று இரண்டரை வருஷமாக நம்பியிருந்தாள்.

அவள் வாசிக்கும் பாட்டுக் குழுவில் மிக்சர் பார்ப்பவர் எத்திராஜ். எல்லாருடைய சத்தமும் அவர் விரல் வழியாகத்தான் வெளியே போகும். அவருக்கு போன் போட்டாள்.

"எத்திராஜண்ணா, என் கிட்டாரு ஏன் வெளிய கேக்கல?"

"கேக்காதும்மா. உன் லைன கம்மி பண்ணி தான் வெப்பேன்." அவர் மறைக்கவில்லை. மறைக்கவேண்டிய விஷயம் என்றே அவருக்குத் தோன்றவில்லை. "கோவிந்தண்ணன் சொன்னது. பாடுறவங்களுக்கு டிஸ்டர்ப் ஆவுதாம்."

"எப்பலேர்ந்து?"

"மொதல்லேர்ந்தே தான். இன்னாத்துக்கு இப்போ அதெல்லாம்? ஒரு பொண்ணு கிட்டார் வெச்சிகினு நின்னா கூட்டம் நிக்குது. உனக்கும் பேமென்ட் வருது. வுடு."

சிம்ரன் போனை வைத்துவிட்டாள். அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. காது இரண்டும் சூடாகிவிட்டன. குழுவை நடத்தும் கோவிந்தராஜ் தன்னைச் சேர்த்துக்கொண்ட நாளில், "நீ எங்களுக்கு வேணும்மா" என்று சொன்னது நினைவுக்கு வந்தது. எதற்கு வேண்டும் என்று அன்றைக்குக் கேட்காமல் விட்டோமே என்று தன் மேலேயே ஆத்திரம் வந்தது.

அவளுக்கு அப்போது இருபத்தேழு வயது. அப்பா உலகநாதன் ஆட்டோ ஓட்டினார். பன்னிரண்டாவது முடித்த லீவில், எதிர்வீட்டைக் காலி செய்துகொண்டு போனவர்கள் இரண்டு கம்பி அறுந்த கிட்டார் ஒன்றை மாடிப்படிக்குக் கீழே விட்டுப்போனார்கள். அதை எடுத்து வைத்துக்கொண்டு, போனில் பார்த்துப் பார்த்துத் தானாகவே கற்றுக்கொண்டாள். வேலை, அம்பத்தூர் எஸ்டேட்டில் டிரான்ஸ்ஃபார்மர் செய்கிற ஒரு சின்ன கம்பெனியில். எட்டு வருஷமாக காப்பர் கம்பி சுற்றினாள். முடி அளவு மெல்லிய கம்பியை அறுந்துவிடாமல் மூவாயிரம் சுற்று சுற்றச் சொன்னால், சூப்பர்வைசர் அவளைத்தான் கூப்பிடுவார்.

போன மாசி மாதத்தில் கம்பெனிக்கு ஒரு பழைய கிட்டார் ஆம்ப், கிட்டார் சத்தத்தைப் பெருக்கும் ஸ்பீக்கர் பெட்டி, வந்திருந்தது. அதன் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோயிருந்தது. உள்ளே கண்ணாடிக் குப்பி மாதிரி வால்வுகள். அவள் இரண்டு நாள் உட்கார்ந்து அந்த டிரான்ஸ்ஃபார்மரைச் சுற்றிக் கொடுத்தாள். வாங்க வந்த ஆள் கிட்டாரைச் செருகிச் சோதித்துப் பார்த்தபோது, தானும் ஒருமுறை வாசிக்கட்டுமா என்று கேட்டாள். வால்வுகள் மெல்ல ஆரஞ்சு நிறமாகச் சிவந்தன. ஒரே ஒரு கம்பியைத் தட்டினாள். அந்தச் சத்தம் ஸ்பீக்கரிலிருந்து வந்த மாதிரி இல்லை, ஒரு ஆளின் தொண்டையிலிருந்து வந்த மாதிரி இருந்தது. அன்றிலிருந்து அப்படி ஒன்று வாங்கவேண்டும் என்று ஆசை. இப்போது ஆசை போய் வெறி ஆகிவிட்டது. தன் சத்தம் தன் பெட்டியிலிருந்தே வரவேண்டும். இன்னொருவன் விரல் அதில் படக்கூடாது.

பத்து நாள் தேடியதில், அயனம்பாக்கத்தில் ஏரியை ஒட்டிய வீட்டில் ஸ்ரீகாந்த் என்பவர் வெளிநாடு போகிறார், இரண்டு வால்வு ஆம்ப் விற்கிறார் என்று தெரிந்தது. ஒன்று ஐந்து வாட். இன்னொன்று நாற்பது வாட். பெரியதன் விலை சின்னதைப்போல இரண்டு மடங்கு. சீட்டு எடுத்த பணம் பெரியதற்கே போதும்.

அப்பாவின் ஆட்டோவில்தான் போனாள். போகிற வழியிலேயே உலகநாதன் ஆரம்பித்தார்.

"சின்னதா பாத்து எடும்மா. நாளைக்கு நீ போற ஊட்ல அவ்ளோ பெரிய பொட்டிய எங்க வெப்ப?"

"எந்த ஊட்டுக்கு நான் போறேன்னு சொன்னேன் நைனா?"

"போவாமயே இருந்துடுவியா?"

"பொட்டிக்கு எடம் இல்லாத ஊட்ல எனக்கு மட்டும் எடம் கீதா?"

அவர் திருவேற்காடு சாலையில் வண்டியை வேகமாக விட்டார்.

ஸ்ரீகாந்த் மாடி அறையில் இரண்டு பெட்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார். சின்னது ஒரு கையால் தூக்கலாம். பெரியது கிட்டத்தட்ட ஒரு அரிசி மூட்டை கனம். அவர் சின்னதைத்தான் முதலில் தட்டிக் காட்டினார்.

"உங்களுக்கு இது போதும்ங்க. வீட்ல வெச்சு வாசிக்க கரெக்டா இருக்கும். பெருசுல டிரான்ஸ்ஃபார்மர்னு ஒண்ணு உள்ள இருக்கும், அதுதான் வெயிட்டே. லேடீஸ் தூக்க முடியாது."

"அந்த டிரான்ஸ்ஃபார்மரத்தான் சார் எட்டு வருஷமா சுத்தறேன்."

சொல்லிவிட்டுப் பெரிய பெட்டியின் பின்பக்கம் குனிந்து போன் வெளிச்சத்தில் பார்த்தாள். "இது ஒரிஜினல் வைண்டிங் இல்ல. யாரோ அவசரத்துல மறுபடி சுத்தியிருக்காங்க. டேப் பிரிஞ்சி நிக்குது பாருங்க. ஒரு வருஷம் தாங்கும், அப்புறம் போயிடும்."

ஸ்ரீகாந்த் தானும் குனிந்து பார்த்தார். அதற்குப் பிறகு அவர் எதையும் விளக்கவில்லை.

பெரியதை முதலில் வாசித்தாள். வால்யூமை இரண்டில் வைத்தால் சத்தம் சுத்தமாக, அகலமாக, கொஞ்சம் விறைப்பாக இருந்தது. அவள் தேடிய அந்தத் தொண்டைக் கரகரப்பு வரவேண்டுமானால் வால்வைக் கசக்கிப் பிழியவேண்டும். ஆறு வரைக்கும் ஏற்றினாள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பக்கத்து வீட்டில் யாரோ கதவைப் படாரென்று சாத்தினார்கள். ஸ்ரீகாந்த் பதறிப்போய்க் குனிந்து வால்யூமைக் குறைக்கக் கை நீட்டினார்.

"கைய எடுங்க சார்."

அவள் சத்தம் போட்டுச் சொல்லவில்லை. ஆனாலும் அவர் கையை எடுத்துவிட்டார். அவளே குறைத்தாள்.

பிறகு சின்னதைச் செருகினாள். ஏழில் வைத்தும் அறை தாங்கியது. ஐந்து வாட் என்பதால் வால்வு சீக்கிரமே திணறிவிடுகிறது, அந்தத் திணறலில்தான் சத்தம் பழுக்கிறது. கம்பியை மெல்லத் தட்டினால் பேசியது, அழுத்தித் தட்டினால் கத்தியது. கம்பெனியில் கேட்ட அதே தொண்டை. ஐந்து நிமிஷம் எதையும் யோசிக்காமல் வாசித்தாள். வாசித்து நிறுத்தியதும்தான் எரிச்சல் வந்தது. அப்பா சொன்னது சின்னது. இந்த ஆள் சொன்னது சின்னது. ஒருவனுக்கும் அவள் வாசிப்பைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் காதுக்கு நல்லது சின்னதுதான்.

படியில் வந்து உட்கார்ந்தாள். திறந்தவெளி மேடையில், டிரம்ஸுக்கும் பேடுக்கும் நடுவில் ஐந்து வாட் முதல் வரிசையைக்கூடத் தாண்டாது. தாண்டவேண்டுமானால் அதன் முன்னால் மைக் வைக்கவேண்டும். மைக் வைத்தால் ஒயர் போகும். ஒயர் போய்ச் சேரும் இடம் எத்திராஜ் மேஜை. இன்னும் நல்ல சத்தத்தைக் கொண்டுபோய் அதே விரலின் கீழ் வைக்கவா இவ்வளவும்?

"எத எடுக்கிற?" என்றார் கீழே நின்ற உலகநாதன்.

"பெருசு. ஒரு பக்கம் புடி நைனா."

டிரான்ஸ்ஃபார்மர் பழுதைச் சொல்லி விலையில் கொஞ்சம் குறைத்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கம்பெனியில் முதலாளியிடம் கேட்டுக்கொண்டு, அதைப் பிரித்துத் தானே புதிதாகச் சுற்றிப் போட்டாள்.

விநாயகர் சதுர்த்திக்கு அம்பத்தூரில் ஒரு மேடை. சாயங்காலம் ஐந்து மணிக்கே ஆட்டோவில் பெட்டியைக் கொண்டுபோய், மேடையின் இடது ஓரத்தில் கூட்டத்தைப் பார்க்க வைத்தாள். கோவிந்தராஜ் கீபோர்டை விட்டு எழுந்து வந்தார்.

"இன்னா இது? யாரக் கேட்டு வெச்ச?"

"என் கிட்டாரு இதுல வரும்ணா. மிக்சர் லைன் எனக்கு வேணாம்."

"கச்சேரின்னா ஒருத்தன் கன்ட்ரோல்ல இருக்கணும். அவனவன் பொட்டி கொண்டாந்தா சந்தை ஆயிடும்."

"ரெண்டர வருஷம் ஒருத்தன் கன்ட்ரோல்ல தான் இருந்துச்சி. நான் வாசிச்சத யார்ணா கேட்டாங்க? ஒரு ஆளச் சொல்லுங்க. இத எடுக்கணும்னா நானும் போறேன். மேடையில சும்மா நிக்க வேற ஆளப் பாருங்க."

கூட்டம் சேர்ந்துவிட்டது, விழாக்காரர்கள் அவசரப்படுத்தினார்கள். கோவிந்தராஜ் பல்லைக் கடித்துக்கொண்டு போனார்.

அவள் ஐந்தில் வைத்தாள். மூன்றாவது பாட்டின் நடுவில் அந்த இடம் வந்தது. முதல் தட்டலிலேயே முன்வரிசை திரும்பிப் பார்த்தது. ஆத்திரத்தோடு வாசித்தாள். அந்த ஆத்திரத்தில் விரல் ஒரு இடம் தள்ளிப்போய், தப்பான சுரம் ஒன்று தெரு முழுக்கக் கேட்டது. பாடகர் முகம் சுளித்தார். அவள் நிறுத்தவில்லை. முடியும்போது பின்னால் நின்ற சில பேர் விசிலடித்தார்கள். முன்னால் இருந்த ஒரு பெரியவர் காதைப் பொத்திக்கொண்டிருந்தார்.

கச்சேரி முடிந்து சாமான் கட்டும்போது கோவிந்தராஜ் வந்தார். "பாட்டக் கெடுத்துட்ட."

"கெடுத்தேன். அது நான் கெடுத்ததுன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுது இல்ல? அது போதும்."

"இனிமே வராத."

"வரச் சொன்னாலும் வரல."

சொல்வது சுலபமாக இருந்தது. அதன் பிறகு மூன்று மாதம் ஒரு மேடையும் இல்லை. வேறு குழுக்களுக்கு போன் போட்டால், கோவிந்தராஜ் முந்திக்கொண்டு பேசியிருந்தார். பெட்டி வீட்டின் முன்னறையில் பாதியை அடைத்துக்கொண்டது. அம்மா தாயம்மா அதன் மேல் துணி மடித்து வைக்க ஆரம்பித்தாள். தெருவில் வீடுகள் நெருக்கம் என்பதால் ஒன்றுக்கு மேல் ஏற்ற முடியவில்லை. ஒன்றில் அது உயிரில்லாமல் முனகியது. அந்தச் சின்னதையே எடுத்திருக்கலாமோ என்று சிலநாள் தோன்றும். தோன்றியதும் கோபம் இன்னும் கூடும்.

கார்த்திகை மாதத்தில் கோவிந்தராஜ் குழுவின் புது வீடியோ ஒன்று வந்தது. அவள் நின்ற அதே இடத்தில் இருபது வயதுப் பெண் ஒருத்தி கிட்டாரோடு நின்றாள். பெயர் விஜி என்று போட்டிருந்தது. சிம்ரன் முழுப் பாட்டையும் இயர்போனில் கேட்டாள். அப்புறம் நம்பர் தேடி போன் போட்டாள்.

"உன் கிட்டாரு வெளிய கேக்குதான்னு வீடியோல பாரும்மா. எல்லா வீடியோவும் பாரு."

"உங்கள தூக்கிட்டாங்கன்னு பொறாமையா?" என்று விஜி வைத்துவிட்டாள்.

இரண்டு நாள் கழித்து அவளே கூப்பிட்டாள்.  "ஒண்ணுலயும் இல்லக்கா" என்றாள். குரல் நடுங்கியது. சிம்ரனுக்கு அந்த நடுக்கம் எது என்று தெரியும். அது அழுகை இல்லை.

விஜியின் வீடு திருநின்றவூரில், ஏரிப் பக்கம், சுற்றிலும் காலி மனைகள். ஞாயிற்றுக்கிழமை காலையில் உலகநாதன் முணுமுணுத்துக்கொண்டே பெட்டியை அங்கே கொண்டுபோய் இறக்கினார். பெரிய ஆம்பில் கிட்டார் செருக இரண்டு ஓட்டைகள் உண்டு. இருவரும் ஆளுக்கு ஒன்றில் செருகிக்கொண்டார்கள். சிம்ரன் ஆறில் வைத்தாள். மாதக்கணக்கில் அடக்கி வைத்ததெல்லாம் கையில் இறங்க, அரைப் பாட்டு வரைக்கும் நிமிர்ந்தே பார்க்காமல் வாசித்தாள். திடீரென்று விஜி வாசிப்பதை நிறுத்திவிட்டாள்.

"இன்னா?"

"உங்க சத்தத்துல என்னுது எனக்கே கேக்கலக்கா."

சிம்ரனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.  ஆனால் பெட்டியைத் தொடவில்லை, அதில் குறைத்தால் விஜியுடையதும் சேர்ந்து குறையும். தன் கிட்டாரில் இருந்த வால்யூமைப் பாதிக்குத் திருகிக் குறைத்தாள்.

"மொதல்லேர்ந்து வாசி," என்றாள். "கேக்கலன்னா மறுபடி சொல்லு."