காபித்தூளில் கழுவிய ரோல்

கம்பத்தில் என் ஸ்டூடியோவில் ட்ரோன் இருக்கிறது, எல்.இ.டி. திரை இருக்கிறது. பிலிம் கழுவும் மருந்து மட்டும் இல்லை. இந்தக் காலத்தில்தான் உத்தமபாளையத்தில் டைலர் கடை வைத்திருக்கும் ஜமீலா ஒரு பழைய கேமராவோடு வந்தார்.

“அண்ணே, எங்க அத்தா மவுத்தானதுக்கப்புறம் பரண்ல கெடச்சது. உள்ள ரோல் இருக்கு. எங்கம்மா படம் இருக்கும்ணே.”

அம்மா அப்பாவுக்கு முன்பே இறந்துவிட்டார். கேமராவைக் கண்டாலே அடுப்படிக்குள் ஓடிவிடுவாராம். மிஞ்சியிருப்பது ஆதார் அட்டைப் படம் ஒன்றுதான். அதைப் பார்த்துப் பெற்ற தாயை அடையாளம் கண்டவர் யாராவது இருந்தால் எனக்கும் சொல்லுங்கள்.

வெளியூரில் ஒரு பெரிய லேபுக்குப் போன் போட்டேன். “பிளாக் அண்ட் ஒயிட்டா சார்? அதான் மொபைல்லயே பில்டர் இருக்கே!” என்றார் அங்கிருந்த நிபுணர்.

இன்ஸ்டன்ட் காபி, சோடா, வைட்டமின் சி மூன்றையும் கரைத்துப் பிலிம் கழுவலாம் என்று இணையத்தில் பார்த்திருந்தேன். படம் அழியாமல் நிற்க ஹைப்போவை மட்டும் கெமிக்கல் கடையில் வாங்கினேன். வைட்டமின் சி மாத்திரை வாங்கப் போன இடத்தில் மெடிக்கல்காரர், “யாருக்குண்ணே ஒடம்பு முடியல?” என்று கேட்டார்.

“பிலிமுக்கு.”

அவர் மாத்திரை அட்டையை நீட்டிவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போனார்.

நேரே ஜமீலாவின் ரோலில் கைவைக்க எனக்கென்ன பைத்தியமா? என்னிடம் கிடந்த வேறொரு ரோலில் என் பைக்கைப் படமெடுத்துக் கழுவினேன். பிலிம் வெறும் கண்ணாடி மாதிரி வந்தது, படத்தின் ஒரு கோடுகூட இல்லாமல். விசாரித்தால், என் மனைவி செல்வி எடுத்துக் கொடுத்தது ஆப்ப சோடா.

“சோடான்னுதான கேட்டீக? துணி வெளுக்குற சோடான்னு சொன்னீகளா?”

நியாயம்தான். மிச்சமிருந்த ரோலில் பைக்கை மறுபடி எடுத்து, சலவை சோடா கரைத்துக் கழுவினேன். பைக் வந்தது, நம்பர் பிளேட் உட்பட. கூடவே வாடையும் வந்தது.

“ஏங்க, பாத்ரூம்ல எதைச் சாகடிச்சு வச்சிருக்கீக?” என்றாள்.

ஜமீலாவின் ரோலைக் கழுவிய அன்று அவர் கடையை அடைத்துவிட்டு வந்து வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். வெளிச்சம் புகாத கறுப்புப் பைக்குள் கையை விட்டு, விறைத்துப்போன பிலிமைச் சுருளில் தடவித் தடவி ஏற்றினேன். கெட்டால் மறுபடி எடுக்க ஆள் இல்லை.

கழுவி முடித்து நீட்டிப் பார்த்தால் பெரும்பாலும் மூட்டம். ஒரே ஒரு படம்தான் நின்றது. நெகட்டிவை மொபைலில் படமெடுத்து, கறுப்பு வெள்ளையை மாற்றிப் பார்த்தேன். முற்றத்தில் ஒரு அம்மா. கேமராவைத் தடுக்க நீட்டிய கை பாதி முகத்தை மறைத்திருந்தது. வாய் திறந்திருந்தது.

ஜமீலாவிடம் காட்டும்போதே எனக்குத் தொழில் புத்தி வேலை செய்தது. “கை மறைச்சிருச்சும்மா. கவலப்படாதீக, எடிட்டிங்ல எடுத்துட்டு, ஆதார் படத்த வச்சு முகத்த ஒட்டிரலாம்.”

ஜமீலா போனை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டார்.

“கைய எடுக்காதீகண்ணே. எங்கம்மா இப்பிடித்தான் அத்தாவ வைவாக!”

சிரித்தார். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தார். செல்வி சத்தமில்லாமல் வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். எதையும் தொடாமல் அப்படியே பெரிதாகப் பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன்.

தொழிலுக்கு வரும் பிள்ளைகளே, படத்தில் எது குறை என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். படத்துக்கு உரியவரிடம் கேட்டுவிட்டு மவுஸைத் தொடுங்கள்.