தாடிக்கு எந்தக் கீரை?

இந்த ஊரில் கீரை என்று ஒன்று கிடையாது. பச்சை இலைகள் இருக்கின்றன. கழுவி, நறுக்கி, பிளாஸ்டிக் பையில் அடைத்து, ஒவ்வொன்றும் அதனதன் பெயரோடு. கேல், ராக்கெட், ஸ்பினாச். அயர்லாந்துக்கு நர்ஸ் வேலைக்கு வந்து இரண்டு வருடம் ஆகப்போகிறது, இன்னும் அந்த அலமாரி முன்னால் நின்றால் எனக்குக் கை ஓடுவதில்லை. அம்பத்தூர் மார்க்கெட்டில் "இன்னாக்கா கீரை கீது?" என்று கேட்டால் போதும். அந்த அக்கா நாலு பெயரைச் சொல்லிக்கொண்டே ஐந்தாவது கட்டைத் தூக்கி என் பையில் போட்டுவிடுவார். எது வந்தாலும் கீரைதான், கடைந்து சோற்றில் போட்டால் விஷயம் முடிந்தது. கீரையிலும் ஆகாத கீரை உண்டு என்பதை நான் ஓர் ஓணானிடம்தான் கற்றுக்கொண்டேன்.

ஓணான் என்றால் என் மகள் தீபாவுக்குக் கோபம் வரும். "ஓணான் இல்லமா, பியர்டட் டிராகன்" என்பாள். வீட்டில் வளர்க்கிற வெளிநாட்டு ஓணான் வகை. அவளுக்குப் பதினொரு வயது. அவளும் என் கணவர் குமாரும் அயனம்பாக்கத்தில் இருக்கிறார்கள். குமாருக்குத் திருமழிசையில் பம்பு செய்யும் கம்பெனியில் வேலை. கூட வேலை செய்த ஒருவர் ஊரை விட்டுப் போகும்போது கண்ணாடிப் பெட்டி, விளக்கு, பதிவுக் காகிதம் எல்லாவற்றோடும் அதைக் கொடுத்துவிட்டுப் போனார். நான் விமானம் ஏறி மூன்று மாதம் ஆகியிருந்தது. பிள்ளை சரியாகச் சாப்பிடுவதில்லை, பேசுவதில்லை என்று குமார் தவித்துக்கொண்டிருந்த நேரம். கோபம் வந்தால் கழுத்தடியில் கறுத்து உப்பும் முள்தாடியைப் பார்த்து, தீபா அதற்குத் 'தாடி' என்று பெயர் வைத்தாள். அன்றிலிருந்து எங்கள் வீடியோ காலில் எனக்கு ஐந்து நிமிடம் என்றால் தாடிக்கு அரை மணி நேரம். நானும் வாய் மூடிப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஓணான் வாய் திறந்து கவ்வுவதில் எனக்கென்ன வந்தது? இலையை நீட்டும் அந்தச் சின்ன விரல்களைப் பார்க்கத்தான். சில நாள் நகம் வெட்டாமல் அழுக்கேறியிருக்கும். எட்டிப் பிடித்து வெட்டிவிடத் தோன்றும்.

என்ன தீனி போடுவது என்று தீபா கேட்டபோது எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். என் பெண் என்னிடம் ஒன்று கேட்கிறாள்! எங்கள் வார்டில் வேலை செய்யும் டெக்லன் வீட்டிலும் இதே ஜந்து உண்டு. அவனிடம் போய்க் கேட்டேன். பூச்சி கொஞ்சம், கிரீன்ஸ் நிறைய, தினமும் கொடு என்றான். அன்று மாலையே நான் வீட்டுக்கு உத்தரவு போட்டேன்: "தினமும் கீரை போடுங்க. தாராளமா போடுங்க." குமார் சொன்னதைச் செய்கிற மனிதர். தினமும் ஓர் அரைக்கீரைக் கட்டு வாங்கி வந்தார். பாதி தாடிக்கு, பாதி மனிதர்களுக்கு. "மல்லி, நல்லா துண்ணுது" என்று என்னைக் கூப்பிட்டுச் சொல்லும்போது அவர் குரலிலும் ஒரு பெருமை இருக்கும்.

சில மாதம் கழித்து ஒரு நாள் தீபா அழுதுகொண்டே போனை எடுத்தாள். "அம்மா, தாடிக்குக் கால் நடுங்குது. பின்னங்கால இஸ்துகினு போவுதுமா." மறுநாள் டெக்லனிடம் ஓடினேன். என்ன கொடுத்தாய் என்றான். கீரை என்றேன். அப்படியென்றால் என்ன என்றான். நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நமக்குச் சொல்லிக்கொடுத்த ஒரே சொல் என் வாயில் வந்தது: "ஸ்பினாச்." அவன் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தான். "தினமுமா?" என்று கேட்டான். இல்லை, அது ஸ்பினாச் இல்லை, ஆனால் நாங்கள் எல்லாவற்றையும் ஸ்பினாச் என்றுதான் சொல்வோம் என்று நான் விளக்க விளக்க அவன் முகம் இன்னும் குழம்பியது. போனில் அரைக்கீரைப் படத்தைக் காட்டினேன். அவனுக்கு அந்த இலையைத் தெரியவில்லை.

பிராணி மருத்துவருக்குத் தெரிந்திருந்தது. குமார் ஒரு நாள் லீவு போட்டு, துணி விரித்த அட்டைப்பெட்டியில் தாடியைத் தூக்கிக்கொண்டு போனார். பாலக், அரைக்கீரை, சிறுகீரை எல்லாம் உடம்பில் சுண்ணாம்புச்சத்தைச் சேரவிடாமல் பிடித்துக்கொள்ளும், அதையே தினமும் தின்றால் இந்தப் பிராணிக்கு எலும்பு இளகிவிடும் என்றாராம் அவர். சொட்டு மருந்து கொடுத்தார், பழைய விளக்கை மாற்றச் சொன்னார். இனி முருங்கைக்கீரை, துருவிய பரங்கிக்காய், பொடியாக நறுக்கிய வெண்டைக்காய் என்று மாற்றி மாற்றிக் கொடுக்கச் சொன்னார். வெங்காயமும் அவகாடோவும் பக்கத்திலேயே வரக்கூடாது. ஊரார் நோயாளிகளுக்கு மில்லி கணக்கில் மருந்து அளந்து கொடுக்கிற நான், என் பிள்ளையின் உயிருக்கு உயிரானதைக் கட்டுக் கட்டாகப் போட்டு முடக்கியிருக்கிறேன். தீபா என்னைத் திட்டவில்லை. அதற்குப் பிறகு என்னிடம் எதுவும் கேட்கவுமில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

இரண்டு மாதத்தில் தாடி கல்லின் மேல் ஏறி நின்றது. அதே வாரம் அவர்கள் இருவருக்கும் விசா வந்தது. நான் சிரித்துக்கொண்டே சொல்ல, தீபா தலையைக் குனிந்துகொண்டாள். தாடியை விமானத்தில் கூட்டிவர வழியில்லை என்பது அவளுக்கும் தெரியும்.

"நான் வர்லமா."

"ஏன்டா கண்ணு?"

"நீ போனப்ப எனக்கு அப்பா இருந்தாரு. நானும் பூட்டா இதுக்கு யாரு கீறா?"

அன்று வேலைக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன். இந்த ஊர்க்காரர்கள் நல்லவர்கள், யாராவது அழுதால் பார்க்காதது போல இருந்துவிடுவார்கள். நம் ஊர் பஸ்ஸாக இருந்தால் நாலு பேர் காரணம் கேட்டிருப்பார்கள். அன்றைக்கு யாராவது கேட்டிருக்கலாம்.

கடைசியில் எதிர்வீட்டில் இருக்கும் என் சிநேகிதி செல்வி வந்து நின்றாள். "நான் பாத்துக்கிறேன்டி, நீ போய் உங்கம்மாவ பாரு. அதுவும் உன் நெனப்பாவே கீது" என்றாளாம். தீபா உடனே ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு வாரம் செல்வியை அருகில் வைத்துத் தீனி போடச் சொல்லிப் பரீட்சை வைத்தாள். நேற்று ஒரு முழுத்தாளை போனுக்கு நேராகப் பிடித்தாள்.

"சரியா கீதா பாருமா. கீரைன்னு மட்டும் எழுதுல. எந்தக் கீரைன்னு எழுதிகீறேன்."

ஒவ்வொரு வரியாகப் படித்தேன். முருங்கைக்கீரை, காம்பு இல்லாமல். பரங்கிக்காய், துருவி. அரைக்கீரை வேண்டவே வேண்டாம், அடிக்கோடு இரண்டு. கடைசி வரியில் எழுதியிருந்தாள்: 'தினமும் சாயங்காலம் வீடியோ கால் பண்ணுவேன். போனைத் தாடிகிட்ட காட்டணும். அது பேசாது. ஆனாலும் காட்டணும்.'

எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொன்னேன். பிறகு உட்கார்ந்து நேரத்தைப் பார்த்தேன். அங்கே சாயங்காலம் என்றால் இங்கே மதியச் சாப்பாட்டு நேரம். அடுத்த மாதத்திலிருந்து நாங்கள் மூன்று பேரும் இந்தச் சமையலறை மேஜையில் ஒன்றாக உட்கார்ந்து, தட்டில் சோறு ஆறிக்கொண்டிருக்க, அயனம்பாக்கத்தில் இருக்கும் ஒரு கண்ணாடிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருப்போம்.