ஆட்டுத் தொடையில் ஓர் ஓட்டை

எண்பதுகளின் கடைசியில் செமிலிங் பக்கம் ஒரு கால்நடை ஆய்வு நிலையத்தில் எனக்கு வேலை கிடைத்தது. எங்கள் வீட்டில் பள்ளிப் படிப்பை முடித்தவள் நான் ஒருத்திதான். தொழில்நுட்பச் சான்றிதழும் வாங்கியிருந்தேன். அதை யாராவது கேட்கும்வரை நான் காத்திருந்ததில்லை, நானே சொல்லிவிடுவேன்.

நிலையத்தில் ஒரு காந்த ஸ்கேனர் இருந்தது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று கழித்துப் போட்டது. மயக்கிய ஆட்டை உள்ளே படுக்கவைத்தால், அறுக்காமலேயே தொடையில் எவ்வளவு கொழுப்பு, எவ்வளவு சதை என்று அது காட்ட வேண்டும். காந்தத்தில் குறையில்லை. அதை இயக்கிய மின்னணுப் பெட்டிகள்தான் கிழடு தட்டியவை. அவை காட்டிய படத்தில் ஆட்டுத் தொடைக்கும் மழையில் தெரியும் ஜெராய் மலைக்கும் வித்தியாசமே இருக்காது.

புதுப் பெட்டிகள் வந்திறங்கியதும் மாற்றும் வேலையை டாக்டர் என்னிடம் ஒப்படைத்தார். பாக்கார் ஆராங்கிலிருந்து காரில் வரும் தமிழர் அவர், நிலையத்துக்கே தலைவர்.

"ஒழுங்கா ஓடுச்சின்னா உன் வேலைய நிரந்தரமாக்கச் சொல்லி எழுதறேன். இல்லன்னா மருந்து ஸ்டோருக்குப் போயி போத்தல் கழுவு, சரியாலா?"

ஒவ்வொரு கம்பிக்கும் எண் ஒட்டிக் கழற்றினேன். ஒவ்வொன்றையும் இரண்டு முறை சரிபார்த்து மாட்டினேன். முதலில் ஒரு போத்தல் சமையல் எண்ணெயை உள்ளே வைத்துப் பார்த்தேன். திரையில் முழு நிலா மாதிரி ஒரு வட்டம். அழகு!

மறுநாள் ஆடு வந்தது. கன்னங்கரேலென்று மின்னும் ஆடு. எங்கள் ஆடுகள் எல்லாமே அந்த நிறம்தான். பாடாங் மேஹா ரப்பர்த் தோட்டத்திலிருந்து வந்து ஆடுகளைப் பராமரித்த அண்ணன்தான் அதைப் பிள்ளையைப் போலத் தூக்கி வந்தார். படம் தெளிவாக விழுந்தது. கொழுப்பு தெரிந்தது, எலும்பு தெரிந்தது. கூடவே தொடையோரத்தில் ஒரு கறுப்பு ஓட்டையும் தெரிந்தது.

"இது என்னா, எலி கடிச்சதா?" என்றார் டாக்டர்.

"எண்ணெய்க்குச் சரியா வந்துச்சி சார்."

"அப்ப எண்ணெயவே ஆராய்ச்சி பண்ணுவோமா?"

பெட்டிகளைத் திறந்து எல்லா இணைப்பையும் மறுபடி பார்த்தேன். அடுத்த நாள் வேறொரு ஆடு. ஓட்டை இன்னும் பெரிதாயிருந்தது. மூன்றாம் நாள் மூன்றாவது ஆட்டுக்குப் பாதித் தொடையே காணோம். நான் சரிசெய்யச் சரிசெய்ய ஓட்டை வளர்ந்தது. வெள்ளிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் பழைய பெட்டிகளையே மாட்டிவிடலாம் என்றார் டாக்டர். நான் போத்தல் கழுவும் தொட்டியை நினைத்துக்கொண்டேன்.

நான்காம் நாள், ஆடு சரியாகப் படுத்திருக்கிறதா என்று தொடையைத் தொட்டு நகர்த்தினேன். என் விரலெல்லாம் கறுப்புப் பிசுக்கு.

"அண்ணே, இது என்னா?"

"பொட்டு வச்சேன் தங்கச்சி. திருஷ்டிக்கு."

"தொடையிலயா?"

"அங்கதான எல்லாரும் பாக்குறீங்க! நெத்தியில வச்சி என்னா புண்ணியம்? டிவி பொட்டியில தொடையப் போட்டுக் காட்டுனா கண்ணு படாதா? பழைய பொட்டியில ஒன்னும் வெளங்காது, சின்னதா வச்சேன். புதுசுல இவ்ளோ தெளிவா தெரியுது. டாக்டரும் தெனம் மொறைச்சி மொறைச்சிப் பாக்குறாரு. அதான் கூட்டிக்கிட்டே போனேன்."

"எதுல செஞ்ச மை?"

"தோட்டத்து ஆலையில ரப்பர் உருட்டுற மெஷின் இருக்குல்ல, அதோட அச்சுல வழியிற மசி. ஆட்டுப் புண்ணுக்கும் அதான் போடுவோம். அசல் சரக்கு!"

வருடக்கணக்காக இரும்போடு இரும்பு தேய்ந்த தூள் முழுக்க அந்த மசியில் இருந்தது. அதைக் காந்தத்துக்குள் கொண்டுபோய் வைத்தால், தூள் இருக்கும் இடத்தில் படம் எப்படி வரும்? பழைய பெட்டிகளின் மூட்டத்தில் இந்த ஓட்டை யார் கண்ணுக்கும் படவில்லை, அவ்வளவுதான்.

டாக்டரைக் கூப்பிட்டேன். எண்ணெய்ப் போத்தலின் மேல் என் விரலிலிருந்த மசியைத் தடவிவிட்டு, போத்தலை உள்ளே வைத்தேன். கடித்தெடுத்த மாதிரி முழு நிலாவில் ஒரு பக்கத்தையே காணோம். பிறகு ஆட்டைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, துவட்டி, படுக்கவைத்தேன். தொடை முழுசாக வந்தது.

டாக்டர் அண்ணனைத் திட்ட வாயெடுத்தார். அதற்குள் அண்ணன் முந்திக்கொண்டார். "பொட்டு இல்லாம என் ஆட்ட உள்ள விடமாட்டேன் சார். நீங்களே தூக்கிட்டு வந்துக்குங்க."

அந்த ஆடுகள் அவர் கைக்கு மட்டும்தான் அடங்கும். ஆகவே புதுப் பெட்டிகளில் அதிகாரபூர்வமாக நடந்த முதல் ஆராய்ச்சி, எந்த மை காந்தத்தில் தெரியாது என்பதுதான். விளக்குக் கரியை நல்லெண்ணெயில் குழைத்தது தேறியது. அண்ணன் முகர்ந்து பார்த்து, "கொஞ்சம் வீக்குதான்" என்று ஒப்புக்கொண்டார்.

நான்கு நாள் தாமதத்துக்கு டாக்டர் அறிக்கை எழுதினார். 'ஆட்டின் தோலில் அந்நியப் பொருள் இருந்தது' என்று ஒரே வரியில் முடித்திருந்தார்.

"இணைப்புல தப்பில்லன்னும் எழுதுங்க சார்," என்றேன்.

"அதான் தெரியுதே!"

"எழுதுனாத்தான் தெரியும்."

அவர் பேனாவைத் திறந்து எழுதினார்: மின்னணுப் பெட்டிகள் மாற்றும் பணி பிழையின்றி முடிந்தது, பணியாளரை நிரந்தரமாக்கலாம்.

அதைத் தட்டச்சு செய்தவளும் நான்தான். அந்த வரியில் மட்டும் ஒரு எழுத்துக்கூடத் திருத்தம் இல்லை.