காளானுக்கு ஒரு மேட்சிங்

வெள்ளவத்தைப் புடவைக் கடையொன்றில் பத்தொன்பது வருடமாக நின்றே சாரி விற்றவள் உஷாந்தி. மாதத்தில் கிடைக்கிற ஒரே லீவில் அவள் சிங்கராஜக் காட்டுக்குக் கிளம்பியபோது, கிருலப்பனையில் அவளுடைய அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

"காசு குடுத்து அட்டைக்கு இரத்தம் குடுக்கப் போறியோ?"

"ஓம்" என்றுவிட்டு வேனில் ஏறினாள்.

வேன் விக்ரமனுடையது. புறக்கோட்டையில் இரும்புக் கடை முதலாளி; ஞாயிறுகளில் காடு பார்க்கும் குழுவுக்கும் அவர்தான் முதலாளி. "இந்தத் தடவை வாங்க, சரிவந்தா குழு லிஸ்ட்ல சேர்க்கிறேன்" என்றிருந்தார். காட்டுக்குள் நுழைந்த அரைமணி நேரத்திலேயே உஷாந்திக்கு அந்த லிஸ்ட் உயிராகிவிட்டது. அத்தனை மரத்தில் ஒன்றாவது அவளிடம் "வேறை டிசைன் இருக்கா?" என்று கேட்கவில்லையே!

ஆனால் வாய் சும்மா கிடக்குமா? பட்ட மரத்தில் தட்டுத்தட்டாக முளைத்திருந்த காளானைப் பார்த்து, "ரொட்டி அடுக்கின மாதிரி" என்று சிரித்துத் தொலைத்தாள். விக்ரமன் முறைத்தார். "இது காடும்மா, ஹோட்டல் இல்ல." லிஸ்ட் போச்சு என்று அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கொஞ்ச தூரத்தில், உக்கிய மரமொன்றில் விக்ரமன் இதுவரை காணாத காளான் ஒன்று. நோட்டில் நிறம் எழுதவேண்டும். "பிரவுன்" என்றார். "ஆரஞ்சு" என்றார் அவருடைய மச்சான் சாத்தப்பன். மரங்கள் மூடிய அந்த இருட்டில் படமும் கறுப்பாகத்தான் விழுந்தது. பிடுங்கி வெளிச்சத்தில் பார்க்கலாமென்றால், அங்கே ஓர் இலைகூடக் கிள்ளக்கூடாது. இரண்டு பெரிய மனிதர்களும் காளானுக்கு முன்னால் குந்தியிருந்து சண்டை பிடித்தார்கள்.

கடையில் தினமும் இதே கூத்துத்தான். ஒவ்வொரு பொம்பிளையும் சாரியை வாசலுக்குத் தூக்கிப்போய் வெயிலில் பார்த்தால்தான் நம்புவாள். உஷாந்தி கைப்பையைத் திறந்து, சாரிக்கு மேட்சிங் பார்க்க நூலில் கோத்த பிளவுஸ் துண்டுக் கொத்தை எடுத்தாள்.

"தொடாதீங்கம்மா!"

"தொடேல்லை அண்ணை. பக்கத்திலை பிடிச்சுப் பாக்கிறன்."

சேற்றில் குப்புறப் படுத்து ஒவ்வொன்றாகப் புரட்டினாள். நாற்பது துண்டு தாண்டி ஒன்று அச்சொட்டாகப் பொருந்தியது. அதைப் பிய்த்துக்கொண்டு, பெருமரம் சரிந்து வெயில் விழுந்த இடத்துக்கு ஓடினாள்.

"காளானை இங்கை கொண்டுவர ஏலாது. இதைக் கொண்டுவரலாம்தானே? வெங்காயத் தோல் நிறம். இப்ப படம் எடுங்கோ."

சாத்தப்பன் விழுந்து விழுந்து சிரித்தார். விக்ரமன் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், கழற்றிப் பார்த்தார், கடைசியில் 'பிரவுன்' என்பதை வெட்டினார்.

"துண்டைக் குடுங்கம்மா, நோட்ல ஒட்டணும்."

"இது கடைச் சாமான் அண்ணை, தனிய குடுக்க ஏலாது. அடுத்தமுறை நான் வந்தால் இதுவும் வரும்."

புறக்கோட்டைக்காரருக்குப் பேரம் விளங்காதா? லிஸ்டை விரித்து, அவள் கண்முன்னாலேயே பெயரை எழுதினார். உஷாந்திக்குச் சந்தோஷத்தில் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அட்டை கடிக்குது என்று பொய் சொல்லிவிட்டு, குனிந்து காலைப் பார்த்து அழுதாள்.